அளக்காத தாவல்

"என் தாவலையும் அளந்து எழுதுங்க, ஹால்வர்." இதைக் கேட்கவே கூடாது என்று சொல்லித்தான் யோருனைச் சேர்த்தார்கள். சர்வதேசப் பனித்தாவல் போட்டியில் ஆண்கள் தாவுமுன், சரிவு பத்திரமா என்று தாவிப் பார்ப்பது மட்டுமே அவள் வேலை. நடுவர் ஹால்வர் காபி ஊற்றிக்கொண்டே சிரிக்கிறார். "உன் தூரத்தை அளந்து எழுதினா, அதைப் பாத்துட்டு நம்ம நார்வே பசங்க நாளைக்கு மேல ஏறவே மாட்டானுங்க. காத்து எப்படி, அதைச் சொல்லு போதும்." சன்னலுக்கு வெளியே வெயில் மங்குகிறது. தொண்ணூறு மீட்டர் தூரம் காட்டும் பலகையைத் தாண்டி அவள் இறங்கிய தடத்தை, நாலு பேர் வரிசையாக நின்று சறுக்குக்கட்டைகளால் மிதித்துச் சமன் செய்கிறார்கள். தப், தப் என்று சத்தம் மேலேறி வருகிறது. கடைசிக் கோடு மறையும்வரை அவள் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். "காத்து எப்படின்னு நாளைக்கு நீங்களே தாவிப் பாத்துக்குங்க." எண் போடாத மேல்சட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே நடக்கிறாள்.