சிரிக்கிற நட்சத்திரம்

"ரெண்டுல ஒண்ணு பார்க்காம இன்னிக்குக் கடையைத் திறக்கிறதில்லை!"

இப்படிச் சபதம் போட்டுவிட்டுத்தான் தையல்காரம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தாள். மடியில் மகனின் கட்டுரை நோட்டு. டீச்சர் வகுப்பு முடிந்து வரப் பத்து நிமிஷம் ஆகுமாம். அதுவரை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, கோபம் ஆறிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பக்கத்தில் காக்கிச் சட்டையில் ஒரு பஸ் டிரைவர். அவர் மடியிலும் ஒரு நோட்டு.

"நீங்களும் புகாரா?" என்றார் டிரைவர்.

"பின்னே, விருந்துக்கா வந்திருக்கேன்? வெள்ளிக்கிழமை ஆனா பக்கத்துல உக்கார்ற பிள்ளை நோட்டை வாங்கிப் படிச்சு, மனசுல பட்டதை எழுதணுமாம். டீச்சர் ஏற்பாடு. என் பையன், பாவம், எழுதறதே அஞ்சு வரி. அதுக்கு அந்தப் பக்கத்து சீட்டுப் பொண்ணு ஒரு பக்கம் முழுக்கச் சிவப்பு மையில எழுதித் தள்ளியிருக்கா. காலைல திறந்து பார்த்தா ஒரே ரத்தக்களரி!"

"அடப்பாவமே! அப்படி என்ன குத்தம் சொல்லியிருக்கா?"

"அந்தக் கண்றாவியை யார் படிச்சா? பார்த்ததுமே வயிறு எரிஞ்சுது. பிள்ளையைச் சீட்டு மாத்தச் சொல்லணும். இல்லேன்னா இனிமே அவன் பேனாவையே தொட மாட்டான்."

டிரைவர் உச்சுக்கொட்டினார். "எங்க கதை அப்படியே தலைகீழ்மா. என் பொண்ணு நாலு பக்கம் எழுதுவா. பக்கத்துல ஒரு மகராசன் இருக்கான். எதை எழுதினாலும் ஒரே வார்த்தை, 'சூப்பர்'. போன வாரம் எங்க பூனை செத்துப்போனதை எழுதினா. எழுதறப்பவே அழுதா. அதுக்கும் 'சூப்பர்'ங்கறான்!"

தையல்காரம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தான் கோபத்தில் இருப்பது ஞாபகம் வரவே அடக்கிக்கொண்டாள்.

"சிரிக்காதீங்க. என்ன வேலை பார்க்கறீங்க?"

"தையல் கடை."

"நீங்க தைச்ச சட்டையைப் போட்டே பார்க்காம ஒருத்தர் 'சூப்பர்'னுட்டுப் போனா எப்படி இருக்கும்?"

"பத்திக்கிட்டு வரும்! போட்டுப் பார்த்து, தோள் பிடிக்குது, கை நீளம்னு நாலு வார்த்தை சொல்றவங்கதாண்ணே நம்ம தையலை மதிக்கிறவங்க."

"அப்படிப் போடுங்க! இதைத்தான் டீச்சர்கிட்ட நானும் கேக்கப்போறேன்" என்று டிரைவர் மகளின் நோட்டை விரித்துக் காட்டினார்.

பூனைக் கதைக்குக் கீழே 'சூப்பர்!' பக்கத்தில் ஒரு நட்சத்திரம். நட்சத்திரத்துக்கு ரெண்டு கண், ஒரு சிரிப்பு.

தையல்காரம்மாவுக்குத் திக்கென்றது.

அது அவளுடைய நட்சத்திரம். ஒண்ணாம் வகுப்பிலிருந்து மகன் எதை எழுதி நீட்டினாலும், தையல் மிஷினை விட்டு எழுந்திருக்காமலேயே கையெழுத்தோடு சேர்த்து அவள் வரைந்து கொடுக்கிற நட்சத்திரம்.

"அண்ணே... உங்க பொண்ணு அடுத்த பிள்ளைங்க நோட்டுல எந்த மையில எழுதுவா?"

"சிவப்பு. ஆசைப்பட்டாளேன்னு நான்தான் வாங்கிக் கொடுத்தேன். ஏன்?"

"சும்மாதான்" என்று அசடு வழிந்தவள், மெல்ல மகனின் நோட்டைத் திறந்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகப் படித்தாள்.

'என் நண்பன் வேறு ஊருக்குப் போய்விட்டான்' என்று ஆரம்பித்து அஞ்சே வரி. கீழே அவள் கையெழுத்து. 'சூப்பர்டா கண்ணு!' பல்லைக் காட்டிச் சிரிக்கிற நட்சத்திரம்.

எதிர்ப் பக்கத்தில் அந்தச் சிவப்பு மை. குறை என்று ஒன்றுகூட இல்லை, அத்தனையும் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் கீழே மகன் பென்சிலில் பதில் எழுதியிருந்தான். இடம் போதாமல் அடுத்த ரெண்டு பக்கத்துக்கும் போயிருந்தான்.

'போகும்போது உன்கிட்ட என்ன சொன்னான்?'

'ஒண்ணும் சொல்லலை. ரப்பரை ரெண்டா உடைச்சுப் பாதி கொடுத்தான்.'

'நீ என்ன செஞ்சே?'

'சாமான் லாரி பின்னாடியே ஓடினேன். ஒரு செருப்பு போயிடுச்சு.'

போன மாசம் அந்தச் செருப்புக்காகத் தான் கத்திய கத்து அவள் காதிலேயே ஒலித்தது.

கடைசிக் கேள்வி: 'இதை உங்க அம்மாகிட்ட சொன்னியா?'

'அம்மா படிச்சாங்க. சூப்பர்னு சொன்னாங்க.'

தையல்காரம்மா அந்தப் பதிலை இன்னொரு தடவை படித்தாள். ஆனால் அஞ்சு வரிப் பிள்ளை மூணு பக்கம் எழுதியிருக்கிறானே! அழுகையைத் தள்ளிக்கொண்டு அந்தச் சந்தோஷம் முகத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

மணி அடித்தது. டீச்சர் வந்தார். "சொல்லுங்கம்மா, பையனைச் சீட்டு மாத்தணும்னு ஆபீஸ்ல சொன்னீங்களாமே?"

"ஐயையோ, வேண்டவே வேண்டாம் டீச்சர்!" என்று எழுந்தவள் டிரைவர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, அந்த 'சூப்பர்' மகராசன் என் பிள்ளைதான். அவனைத் திட்டாதீங்க. அந்த வியாதி என்கிட்டேர்ந்து தொத்தினது."

டிரைவர் வாய் பிளந்தார். பிறகு வராந்தாவே அதிரச் சிரித்தார்.

"வெள்ளிக்கிழமை கடையைச் சாத்திட்டு வந்துடறேன் டீச்சர்" என்றாள் தையல்காரம்மா. "அந்தப் பொண்ணு பக்கத்துல எனக்கும் ஒரு இடம் போடுங்க."