முதல் காணி

"மூஞ்சில மட்டும் கை வைக்காதீங்கடா," என்றார் தோட்டத்துப் பெரிய கங்காணி நாகலிங்கம். அடுத்த அடி ஹுஸைனின் விலாவில் விழுந்தது.

இலங்கையின் தெரணியகலைக்கு மேலே, ரப்பர் ஷீட்டுகளைப் புகை போடும் கொட்டகையில் அவனைத் தூணோடு கட்டியிருந்தார்கள். கம்போடு நின்ற இருவரும் கங்காணியின் ஆட்கள். அவர் ஒரு பலகைப் பெட்டியில் உட்கார்ந்து, ரப்பர் பால் வெட்டும் கத்தியைத் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார்.

"துணி மூட்ட தூக்குறவனுக்கு காணி வியாபாரம் எதுக்குடா?"

கீழக்கரையிலிருந்து கப்பலேறி வந்த நாள் முதல் ஹுஸைன் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் லயமாகச் சேலை சுமந்தவன். வாசலில் மூட்டையைப் பிரித்து உட்கார்ந்தால், எவர் காணியை விற்கப் பார்க்கிறார், எவர் வாங்கத் துடிக்கிறார் என்பதெல்லாம் தானே காதில் விழும். தோள் தேய்ந்தது போதும் என்று தரகில் இறங்கினான். முதல் காணிக்கே இந்த உதை.

"எங்கப்பா சம்பாதிச்ச காணி அது. அண்ணன் தம்பிக்குத் தெரியாம அதுல ஒரு பங்க விக்கச் சொன்னது யாரு?"

நாகலிங்கத்தின் செத்துப்போன தம்பியின் மனைவி சுப்பம்மா, ஆற்றங்கரையில் ஹுஸைனிடம் கெஞ்சியது நினைவில் வந்தது. "என் பங்க வித்துட்டு ஊருக்கே போயிர்றேன் பாய். என் பேரு தெரிஞ்சா வெட்டிப் போட்டுருவாங்க."

நாகலிங்கம் எழுந்து வந்து அவனுடைய இடது சுண்டுவிரலைப் பிடித்தார். பின்பக்கமாக மடக்கினார். சுள்ளி ஒடிவது போலச் சத்தம் கேட்டது.

ஹுஸைன் அலறினான். மூச்சு திரும்பியதும், "எனக்குத் தெரியாதுங்க," என்றான்.

கத்தி முனை தோளில் இறங்கியது. சட்டைக்குள் ரத்தம் வெதுவெதுப்பாக வழிந்தது.

"அடுத்தது கழுத்து. பேரச் சொல்லு."

சொன்னால் வலி நின்றுவிடும்; ஆனால் இதே கத்தி நேரே அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போகும். ஹுஸைன் கண்களை இறுக மூடிக் கலிமா சொல்லத் தொடங்கினான்.

நாகலிங்கம் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். "நீங்க போங்க. நான் பாத்துக்கறேன்."

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கத்தி ஓங்கும் காற்று முகத்தில் பட்டது. அறுந்து விழுந்தது கயிறு.

சரிந்தவனைத் தாங்கி உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, தன் தோள் துண்டைக் கிழித்து விரலில் சுற்றினார் நாகலிங்கம். வெளியே கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

"காணி விக்கிற விஷயம் தெரிஞ்சா எங்கண்ணனும் இப்படித்தான் கட்டிவெச்சுக் கேப்பாரு. அப்பவும் இதே மாதிரி பேரச் சொல்லாம இருக்கணும் பாய்."

துணி சுற்றிய விரலிலிருந்து கண்ணை எடுத்து ஹுஸைன் அவரைப் பார்த்தான்.

"விக்கிறது அவ பங்கில்ல, என் பங்கு. சுப்பம்மாவ அனுப்புனதே நான்தான்."