டிரிப்பர்

குளியலறையிலிருந்து மனைவியின் அலறல் கேட்டது. கூடவே வாளி உருண்ட சத்தம். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை.

"ஏய், என்னாச்சு? பேசு!" கணவன் கதவை இடித்தான். பதில் இல்லை.

ஹீட்டர்! மின்கசிவு வந்தால் கரண்டை நிறுத்தும் டிரிப்பரைப் போன மாதம் அவன்தான் கழற்றச் சொன்னான். "சும்மா சும்மா விழுது, நிம்மதியா ஒரு மேட்ச் பார்க்க முடியலை. பிடுங்கி எறிங்க" என்று எலெக்ட்ரீஷியனிடம் கத்திவிட்டு ஆபீஸ் போனவன், வந்து பார்க்கக்கூட இல்லை.

மெயினை அணைக்க ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தான். உள்ளே புத்தம்புது டிரிப்பர். அதன் விசை ஏற்கெனவே கீழே விழுந்திருந்தது.

பின்னால் கதவு திறந்தது. வெளிறிப்போய் நின்றாள் மனைவி.

"குழாயைத் தொட்டேன், சுரீர்னுச்சு. உடனே கரண்ட் போயிடுச்சு. எனக்கு வாயே எழலைங்க."

"இதை... எடுக்கச் சொன்னேனே?"

"பழசு கெட்டுப்போச்சுன்னார் எலெக்ட்ரீஷியன். எடுத்துட்டுப் புதுசு மாட்டச் சொன்னேன். உங்ககிட்ட சொன்னா குதிப்பீங்கன்னு சொல்லலை."

அவளுடைய ஈரக் கையைப் பிடித்துக்கொண்டான்.