மன்றம் மூடியிருந்த நாள்

பனியன் தொழில்காரர்களுக்காக ஜெபக்குமார் நல்லூரில் தன் வீட்டிலிருந்தே நடத்திவந்த இணைய மன்றம் அன்று மூடிக் கிடந்தது. காலையில் புது வெர்ஷனை ஏற்றியதும் பழைய தமிழ்ப் பதிவுகளெல்லாம் கேள்விக்குறிகளாகிவிட்டன. 'பராமரிப்பு நடக்கிறது' என்று எழுதி, கீழே வீட்டு போன் நம்பரைப் போட்டுவிட்டு, பேக்கப்பைத் தேடி எடுத்து ஏற்றிக்கொண்டிருந்தான்.

"ஒருத்தரும் போன் பண்ணலியே. எல்லாரும் வேற மன்றத்துக்குப் போயிட்டாங்களோ?"

"அந்த முறுக்குநூல் போனாப் போதுங்க," என்றாள் மனைவி அன்புசெல்வி.

முறுக்குநூல் என்பது ஓர் உறுப்பினரின் புனைபெயர். 'நிர்வாகி' என்ற பெயரில் ஜெபக்குமார் எதை எழுதினாலும் மறுத்து மல்லுக்கு நிற்பவர்.

"அவரு இல்லன்னா மன்றத்துல களையே இருக்காது, செல்வி."

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

"ஏனுங்க, முறுக்குநூல் பேசறனுங்க. மன்றத்தை எப்பத் தொறப்பீங்க? சண்டை போடாம சோறு எறங்க மாட்டீங்குது."

குரலைக் கேட்டதும் அன்புசெல்வி பாய்ந்து வந்தாள். "அப்பா!"

காதல் கல்யாணம் செய்துகொண்டாள் என்று மூன்று வருஷமாக மகளோடு பேசாதவர் அவர்; அது மருமகன் நடத்தும் மன்றம் என்று அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

"சாயங்காலம் தொறந்துருவேன், மாமா," என்றான் ஜெபக்குமார் தயங்கியபடி.

"அதுவரைக்கும் எப்படீங்க பொறுக்கறது?" என்றார் அவர். "எம் புள்ளையக் கூட்டிக்கிட்டு ஊட்டுக்கு வாங்க, மாப்பிள்ளை. நேர்லயே சண்டை போட்டுக்கலாம்."