அரை அடித் தண்ணீர்

மலையிலிருந்து பெரிய ஆற்றுக்கு இறங்கும் பதினோரு ஓடைகளில் உச்சியில் இருக்கும் ஓடைக்குத் தண்ணீர் அளவு பார்ப்பவன் தவசி. தினமும் காலை எட்டு மணிக்கு அளவுகோலைப் பார்த்து, கீழே ஓடை ஆற்றோடு சேரும் இடத்தில் இதே வேலை பார்க்கும் செல்வராணிக்குப் போனில் சொல்ல வேண்டும். இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை. மலையில் அவனோடு பேச வேறு ஆளும் இல்லை. ஓடை வற்றி நாற்பது நாளாகிறது. வெறும் பாறை நடுவே நிற்கும் அளவுகோலின் உச்சியில் ஓர் ஓணான் குடியேறியிருந்தது.

அன்று அவன் வாய் திறக்கும் முன்பே அவள் சொன்னாள்: "இன்னைக்கும் பூஜ்யம்னா, நாளையிலேருந்து கூப்பிட வேண்டாமாம்ணே. மழை வந்தா பாத்துக்கலாமாம். ஆபீஸ்ல சொல்லிட்டாங்க."

தவசி ஓணானைப் பார்த்தான்.

"அரை அடி" என்றான்.

மறுமுனையில் நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "எழுதிக்கிட்டேன்" என்று வைத்துவிட்டாள்.

அங்கிருந்து தண்ணீர் கீழே போய்ச் சேர ஆறு மணி நேரமாகும். அதுவரை அவன் போனைக் கையைவிட்டுக் கீழே வைக்கவில்லை. சரியாக இரண்டு மணிக்கு அது அடித்தது.

"உங்க தண்ணி வந்து சேந்துருச்சுண்ணே" என்றாள் செல்வராணி. "கால நனைச்சுக்கிட்டுதான் நிக்கிறேன்."