மைனாவின் ஆய்வு

பட்டிக்குள் ஆடு அடைபட்டிருந்தது. வெளியே அதன் குட்டி பாலுக்குக் கத்திக்கொண்டிருந்தது. அப்போது கதவின் மேல் ஒரு மைனா வந்து உட்கார்ந்தது. மற்றவர்களின் பேச்சை ஆராய்ச்சி செய்வதுதான் அதன் வேலை.

“மைனாம்மா, அந்தக் கொக்கியைக் கொஞ்சம் தூக்கிவிடேன். குட்டி பசியில கத்துது,” என்றது ஆடு.

மைனா ஓர் ஆலிலையில் அதை அலகால் பொறித்துக்கொண்டது. “‘கொஞ்சம்’ என்று ஏன் சேர்த்தாய்? என்னை உனக்கு மேலே வைக்கிறாயா?”

“கதவைத் திற, தாயே!”

“இப்போது தாயாகிவிட்டேன். அருமை! அதற்கு முன்னால் ஒரு பெருமூச்சு வேறு.” அதையும் பொறித்தது.

“உனக்குக் காது இருக்கா, இல்லையா?”

“நான் தலையிட்டால் பேச்சின் இயல்பு கெட்டுவிடும். நீ பாட்டுக்குப் பேசு. இதுவரை எழுதியது சரியா, பார்.” மைனா இலையைக் கதவிடுக்கில் நீட்டியது.

ஆடு இலையைப் பல்லால் கவ்விக்கொண்டது. தின்னவில்லை. ஒரு வார்த்தையும் பேசாமல் மைனாவையே பார்த்துக்கொண்டு நின்றது.

மைனா பதறிப்போய்க் கொக்கியைத் தூக்கியது.

குட்டி ஓடிவந்து மடியை முட்டியது. ஆடு இலையை நிதானமாக மென்று தின்றது.