பிரசவம் பார்க்கப் போன ஊர்

மகள் தாரிணிக்குப் பிரசவம் பார்க்கக் கடல் சூழ்ந்த ஊருக்குப் போன சொர்ணவல்லி, நான்கு மாதம் கழித்துத் திரும்பியபோது துளியும் கறுத்திருக்கவில்லை. தெருவுக்கு அப்போதே சந்தேகம்.

"கடல் எப்படிக்கா?" என்றாள் எதிர்வீட்டுப் புஷ்பம், விடாமல்.

சொர்ணவல்லி மலையைப் பற்றிச் சொன்னாள். திராட்சைத் தோட்டங்களைப் பற்றியும் சொன்னாள். அதெல்லாம் மாப்பிள்ளை போனில் காட்டிய படங்கள். மலையாவது சமையலறை ஜன்னலில் தெரிந்தது. கடல் எதிர்க் கட்டிடத்துக்குப் பின்னால். பத்தியச் சமையலுக்கும் குழந்தையின் எண்ணெய்க் குளியலுக்கும் நடுவே அதன் இரைச்சல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

திரும்பும் நாளில் கார் கரையோரமாகவே போனது.

"நிறுத்துங்க மாப்பிள்ளை, காலை மட்டும் நனைச்சுட்டு வந்துடறேன்."

"பிளைட்டுக்கு நேரமாச்சு அத்தை. அடுத்த தடவை வரும்போது ஆற அமரப் பார்க்கலாம்."

நேற்று மகளிடம் போன் ஸ்பீக்கரில் கேட்டாள் சொர்ணவல்லி: "ரெண்டாவதைப் பத்தி யோசிச்சியாடி?"

"என்னம்மா நீ, இவனுக்கே இன்னும் பல்லு முளைக்கல!"

பேத்தி ஆசை பிடித்து ஆட்டுகிறது என்று புஷ்பம் வாசலில் வாயைப் பொத்திச் சிரித்தாள். சொர்ணவல்லி ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனைக் காதோடு ஒட்டிக்கொண்டாள்.

"சரி, ஜன்னலைத் திறந்து போனைக் கொஞ்சம் வெளியே நீட்டு" என்றாள்.